ஆறு மாதக் கணக்கும் ஐந்து நிமிட அவசரமும்

1990-களின் தொடக்கத்தில் வல்லக்கோட்டைக்காரர் ஒருவர் பங்கு வாங்க நினைத்தால் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். ஊரைச் சுற்றி ஏரியும் வயலும். வெளியூரில் தெரிந்த அடையாளம் ஏழடி உயர முருகன் நிற்கிற கோயில் மட்டும்தான். பங்கு வியாபாரமோ செகண்ட் லைன் பீச்சில், மெட்ராஸ் பங்குச் சந்தைக் கட்டடத்தைச் சுற்றி நடந்தது. தரகரிடம் சொல்லி வாங்கினால் காகிதச் சான்றிதழ் வரும். பெயர் மாற்ற அனுப்பினால், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திரும்பியும் வரும். விற்ற காசு கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும்.

விலை மறுநாள் பேப்பரில்தான். விலையின் வேகத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். வணிகப் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சாகும் இறுதி விலையை எடுத்து, கிராஃப் தாளில் நாளுக்கொரு புள்ளி வைப்பார்கள். பேப்பர் வராத நாளுக்கு இடம் விட்டு, பிறகு நிரப்புவார்கள். கோடு மேலே போகிறதா, சாய்கிறதா என்று சொல்ல மாதங்கள் தேவைப்பட்டன.

விலையின் வேகத்தை நம்பும் இந்த மொமெண்டம் முறைக்கு வலுவான ஆய்வு ஆதாரம் கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். நரசிம்மன் ஜெகதீஷ், ஷெரிடன் டிட்மன் என்ற இரு பேராசிரியர்கள் 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1965 முதல் 1989 வரையிலான அமெரிக்கப் பங்கு விலைகளை எடுத்துப் பார்த்தார்கள். கடந்த ஆறு மாதத்தில் நன்றாக ஏறியவற்றை வாங்கி, இறங்கியவற்றை விற்று, ஆறு மாதம் அப்படியே வைத்திருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 12.01 சதவீதம் கூடுதல் ஆதாயம் வந்திருக்கும். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கரைந்துபோகும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவது, நல்ல சேதி எல்லார் காதுக்கும் ஒரே நாளில் போய்ச் சேருவதில்லை என்பது. சேதி பரவப் பரவ, விலையும் படிப்படியாக நகர்கிறது.

இதற்குள் வல்லக்கோட்டையின் சுற்றுப்புறமும் மாறத் தொடங்கியது. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-க்குப் பிறகு ஒரகடம் முழுக்கத் தொழிற்சாலைகள். 2017-ல் பக்கத்து வல்லம் வடகாலில் ராயல் என்ஃபீல்டு வந்தது. அதே வருடம் அதன் தாய் நிறுவனமான ஐஷர் மோட்டார்ஸ் பங்கு 30,000 ரூபாயைத் தாண்டியது. 2009-ல் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த பங்கு அது. புதுத் தொழிற்சாலையைக் கண்ணால் பார்த்தவருக்குச் சந்தேகமே வராது. ஆனால் ஆறு மாதக் கணக்கு 2018 முடிவதற்குள் கீழே திரும்பிவிட்டது. 2020 மார்ச்சில் விலை உச்சத்தில் பாதிகூட இல்லை. பிறகு பங்கு பத்தாகப் பிரிக்கப்பட்டு, பழைய உச்சத்தையும் கடந்தது உண்மைதான். கேட்டில் லாரி வரிசை நிற்பதைப் பார்த்து வாங்குவதும் விலையின் போக்கைப் பார்த்து வாங்குவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது.

இன்று இந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து, வல்லக்கோட்டையிலும் சுற்றுப்புறத்திலும் ரூமுக்கு நாலு பேராகத் தங்கியிருக்கும் பையன்கள் கையில் டீமேட் கணக்கு இருக்கிறது. 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடியாக இருந்த கணக்குகள் 2024 முடிவில் 18 கோடியைத் தாண்டின. கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் இருப்பவரின் கைபேசியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கொரு மெழுகுவர்த்தி, பச்சையும் சிவப்பும். அடியில், விலை ஏற்ற இறக்கத்தின் வேகத்தை அளக்கும் ஆர்எஸ்ஐ கோடு 70-ஐத் தொடுகிறது. வெல்ஸ் வைல்டர் 1978-ல் புத்தகமாக வெளியிட்ட கணக்கு அது. அவர் எடுத்துக்கொண்டது 14 நாள் விலை. இங்கே அது 14 மெழுகுவர்த்தி, அதாவது 70 நிமிடம். டீ பிரேக்கில் வாங்கி, சாப்பாட்டு பிரேக்கில் விற்கிறார்கள். எனக்கு மனசு பதைக்கிறது. 2022-23-ல் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்கும் வியாபாரம், செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது. இன்ட்ராடே செய்தவர்களில் 30 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் கிட்டத்தட்டப் பாதி.

அதே மொமெண்டத்தைத் தேசியப் பங்குச் சந்தை எப்படிக் கையாள்கிறது? 2020-ல் கொண்டுவந்த நிஃப்டி 200 மொமெண்டம் 30 குறியீட்டில், ஆறு மாத, பன்னிரண்டு மாத ஏற்றத்தை விலையின் ஆட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். பட்டியலை மாற்றுவது ஜூனிலும் டிசம்பரிலும்தான். இதற்கும் அடி உண்டு. 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த சரிவில் இது நிஃப்டியைவிட ஆழமாக விழுந்தது. ஒரு வருடத்துக்குள் விற்றால், 2024 ஜூலை 23 முதல் லாபத்தில் 20 சதவீதம் வரி.

ஆக, சரிவையும் வரியையும் தாங்கிக்கொண்டு ஆறு மாதம் காசைத் தொடாமல் இருக்கிறவருக்கு உரிய முறை இது. அடுத்த மாதம் கான்ட்ராக்ட் நீட்டிப்பார்களா என்று தெரியாதவரிடம் அந்த ஆறு மாதம் இல்லை. ரூம் வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், வண்டி இஎம்ஐ எல்லாம் மாதப் பிறப்பிலேயே வந்து நிற்கின்றன. ஐந்து நிமிடச் சார்ட் பக்கம் அவரைத் தள்ளுவதில் ஆசைக்கு இருக்கும் பங்கு, இந்தச் சம்பள நிலைக்கும் இருக்கிறது.