பட்டாப்பட்டி

பட்டாப்பட்டி என்பது கோடு போட்ட பருத்தித் துணியில் தைக்கப்படும், ஆண்கள் அணியும் தளர்வான அரைக்கால் சட்டை ஆகும். தமிழ்நாட்டில் வேட்டி அல்லது சாரத்தின் உள்ளே அணியப்படும் இது, வெயில் காலத்தில் வேலை செய்வோருக்குத் தனி உடையாகவும் பயன்படுகிறது.

பெயர்கள்

அரைக்கால் சட்டை பேச்சு வழக்கில் டவுசர், நிக்கர் எனவும் வழங்கப்படுகிறது. இலங்கைத் தமிழர் இதனைக் கட்டைக் காற்சட்டை என்பர். அங்கு காற்சட்டையைக் குறிக்கும் களிசான் என்ற சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்ததாகும்.

அமைப்பு

இதன் இடுப்பில் நாடா கோக்கப்பட்டிருக்கும். கால் பகுதி அகலமாக, முழங்காலை ஒட்டி முடியும். வேட்டியில் பை இல்லாததால், பட்டாப்பட்டியில் தைக்கப்படும் பையே பணம் வைக்கும் இடமாகவும் அமைகிறது.

துணியும் வெப்பமும்

இயற்கை இழைகள் ஈரத்தை நன்கு உறிஞ்சுகின்றன. சாதாரண நிலையில் உலர்ந்த எடையில் பருத்தி ஏறத்தாழ 8.5 விழுக்காடும், ஆளிநார் 12 விழுக்காடும், பாலியெஸ்டர் 0.4 விழுக்காடும் ஈரம் கொள்கின்றன. எனினும் நனைந்த பருத்தி மெதுவாகவே உலரும். வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரையில் இவ்வாறு ஆவியாதல் குறைகிறது. ஆகவே துணி மெல்லியதாக இருப்பதுடன், உடலுக்கும் துணிக்கும் இடையே காற்று புகும்படி தைப்பு தளர்வாக இருப்பதும் முக்கியமாகும்.

உப்பளங்களில்

தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரம் பகுதியில் உப்பளங்கள் உள்ளன. உப்பு வாருதல் பெரும்பாலும் கோடையில், நிழலற்ற பாத்திகளில் நடைபெறும் வேலையாகும். முழுநீளக் காற்சட்டையின் விளிம்பு உப்புநீரில் நனையும். அரைக்கால் சட்டையில் அத்தொல்லை குறைவு. ஆனால் கால்கள் வெயிலுக்கும் உப்புநீருக்கும் நேரடியாக உட்படுகின்றன. துணியில் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால், துணி முழுதாக உலராமல் விறைத்துத் தோலை உராய்ந்து புண்ணாக்கக்கூடும். எனவே நாள்தோறும் நன்னீரில் அலசுதல் தேவை. குடிநீர், நிழல், ஓய்வு ஆகியவற்றுக்கு உடை ஈடாகாது. தமிழ்நாடு அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இன்றைய நிலை

திரைப்பட நகைச்சுவைக் காட்சிகளில் பட்டாப்பட்டி கேலிப் பொருளாகக் காட்டப்படுவதுண்டு. பின்னலாடை உள்ளாடைகள் பரவியதால் இளைஞரிடையே இதன் பயன்பாடு குறைந்துள்ளது. அவர்கள் வீட்டில் அணியும் பெர்முடா, அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள பெர்முடா தீவின் பெயரைப் பெற்றதாகும். பருத்தியில் தளர்வாகத் தைக்கப்பட்ட பெர்முடா, பயனளவில் பட்டாப்பட்டியை ஒத்ததே.