ஆழமில்லாத நீரில் பாய்மரப் படகு

காற்று பாய்மரப் படகை முன்னே மட்டும் தள்ளுவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளுகிறது. அந்த வழுக்கலைத் தடுப்பது படகின் அடியில் நீருக்குள் நிற்கும் கீல். படகின் நீளத்துக்கு ஓடும் முழுக் கீல் நேர்ப்போக்கைக் காக்கும், திரும்பத்தான் சுணங்கும். சுறாவின் துடுப்பைப்போல் ஆழமாக இறங்கும் ஈய, இரும்புக் கீலோ படகைச் சட்டென்று திரும்பவிடும். சாய்ந்த படகைத் தன் எடையால் நிமிர்த்தும்.

ஆந்திரத்திலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பரவிய பழவேற்காடு ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஆழக் கீல் அங்கே மணலில் சிக்கும். கீலுக்குப் பதிலாகப் படகின் நடுவே ஏற்றி இறக்கும் நடுப்பலகையே அந்த நீருக்கு ஏற்றது. சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களும் பாய் விரித்தபோது பக்கப்பலகையை இறக்கின. மீனவர்களின் இந்த நுட்பம் இன்னும் அதிகம் பேசப்பட வேண்டியது.

ஆனால் கீலைவிடப் பலகைக்கு எடை குறைவு. ஆகவே படகைச் சமன்செய்வது ஆட்கள் அமரும் இடமே; சமன் தவறினால் படகு கவிழும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அது பாய்மரப் படகு அல்ல. ஆயினும் உயிர்காப்பு உடையின் அவசியம் எந்தப் படகுக்கும் ஒன்றே. சிறு பாய்மரப் படகு கவிழ்ந்தால் கரைக்கு நீந்த முயலாமல் படகைப் பற்றியிருக்க வேண்டும். பாயைத் தளர்த்திவிட்டு, நடுப்பலகைமேல் ஏறி நின்று சாய்ந்தால் படகு நிமிரும்.