மருந்தோடு சேர்ந்து வேலையும்

மனச்சிதைவுக்கு மருந்து சாப்பிடும் மகனையோ தம்பியையோ பற்றிப் பேச்சு வந்தால், நம் வீடுகளில் அநேகமாக ஒரே பதில்தான் கிடைக்கும்: "முதல்ல நல்லா ஆகட்டும், வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." பாசத்தில் சொல்வதுதான். அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற அக்கறையில் துணி துவைப்பது, கடைக்குப் போவது, கரண்ட் பில் கட்டுவது என்று அவர் செய்துவந்த ஒவ்வொன்றையும் வீட்டார் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். சில மாத ஓய்வு சில வருடங்களாக நீண்டுவிடுகிறது. குணம் முதலில், வேலை பிறகு என்ற இந்த வரிசையே தவறு என்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆதாரம் சேர்ந்திருக்கிறது. அன்றாடக் காரியங்களையும் சம்பாத்தியத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே கொள்ளும் ஆக்குபேஷனல் தெரபியை, அதாவது செயல்வழிச் சிகிச்சையை, மருந்துச் சீட்டுக்குப் பிறகு நேரமிருந்தால் பார்த்துக்கொள்ளும் விஷயமாக நாம் வைத்திருக்கிறோம். இதனால் வரும் இழப்பு பெரிது.

மருந்தைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. காதில் ஒலிக்கும் குரல்களையும், யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகத்தையும் டோபமினின் செயலைத் தடுக்கும் மாத்திரைகள் பலருக்கு நன்றாகவே அடக்குகின்றன. ஆனால் குரல்கள் ஓய்ந்த பிறகும் ஒரு மந்தம் தங்கிவிடுவதுண்டு. எதிலும் நாட்டம் இருக்காது, பேச்சு சுருங்கும், ஒரு காரியத்தைத் தொடங்கவே முடியாது. மாத்திரைகள் சரியாக எட்டாத இடம் இது. இதில் நோயின் பங்கு எவ்வளவு, சூழலின் பங்கு எவ்வளவு? ஜான் விங், ஜார்ஜ் பிரவுன் என்ற இருவர் இங்கிலாந்தின் மூன்று மனநல மருத்துவமனைகளில் நெடுங்காலமாகத் தங்கியிருந்த மனச்சிதைவு நோயாளிப் பெண்களை 1960 முதல் 1968 வரை கவனித்து, 1970இல் நூலாக வெளியிட்டார்கள். ஒருவர் ஒரு நாளில் எதுவும் செய்யாமல் கழிக்கும் நேரம்தான் மந்தத்தோடு மிக நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. அந்த வெறும் நேரம் குறைந்தவர்களிடம் மந்தமும் குறைந்தது. தேறியவர்கள்தானே வேலை செய்ய முன்வருவார்கள், இதில் எது காரணம் எது விளைவு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெறும் கவனிப்பால் இதைத் தீர்க்க முடியாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிட வேண்டும்.

அப்படியும் ஒப்பிட்டிருக்கிறார்கள். 1990களில் அமெரிக்காவில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் ஒரு முறையை உருவாக்கினார்கள். பயிற்சிக்கூடத்தில் மாதக்கணக்கில் உட்கார வைக்காமல், நோயாளி விரும்பும் வேலையில் நேராகச் சேர்த்துவிட்டு, அங்கே எழும் சிக்கல்களுக்கு ஒருவர் தொடர்ந்து துணையாக இருப்பது அதன் சாரம். இதை லண்டன், சூரிக், சோஃபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய மையங்களில் 312 பேரிடம் சோதித்த முடிவு 2007இல் 'லான்செட்' இதழில் வந்தது. நேரடியாக வேலை தேடித்தரப்பட்டவர்களில் 55 சதவீதம் பேர் ஒரு நாளாவது வேலை பார்த்தார்கள். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற பழைய முறையில் 28 சதவீதம் பேர்தான். வேலைப்பளு நோயைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்ற அச்சத்துக்கும் இதில் பதில் இருக்கிறது: மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் நேரடி வேலைப் பிரிவில் 20 சதவீதம், மற்றதில் 31 சதவீதம். வேலை நோயை அழித்துவிடும் என்று இதற்குப் பொருளில்லை. வேலை நோயைக் கிளறிவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று பொருள். கூடை முடைவது, மெழுகுவத்தி செய்வது போன்ற பழைய கைவினைப் பயிற்சிகளுக்கு இத்தனை வலுவான ஆதாரம் கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வித்தியாசம் எங்கே என்பது செயல்வழிச் சிகிச்சையாளர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் விளங்கும். ரேஷன் கடைக்குப் போய்வருவதை எடுத்துக்கொள்வோம். குறித்த நேரத்துக்கு எழுந்து கிளம்ப வேண்டும், அட்டையையும் பையையும் மறக்காமல் எடுக்க வேண்டும், வரிசையில் பிறர் உரசிக்கொண்டு நிற்பதைப் பொறுக்க வேண்டும், வாங்க வேண்டியவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும், மீதிச் சில்லறையைச் சரிபார்க்க வேண்டும். மனச்சிதைவு கவனத்தையும் குறுகிய கால நினைவையும் திட்டமிடும் திறனையும் தாக்குவதால் இவற்றில் எந்தக் கண்ணியும் அறுந்துபோகலாம். "போகமாட்டேங்கிறான், சோம்பேறி" என்று வீடு சொல்லும் இடத்தில், எந்தக் கண்ணி அறுந்தது என்று சிகிச்சையாளர் கூடவே நடந்து பார்க்கிறார். கூட்டம்தான் தடை என்றால் கூட்டமில்லாத நேரத்தில் போகச் சொல்கிறார். நினைவு என்றால் கையில் சீட்டு, தொடக்கம் என்றால் செல்போனில் அலாரம், முதல் சில தடவை வாசல்வரை துணை. தேறத் தேற உதவியைக் குறைத்துக்கொண்டே வருகிறார். கடைக்குப் போவது அவருக்கு உண்மையிலேயே தேவையான காரியம் என்பதால்தான் இந்த உழைப்பு பலிக்கிறது. யாருக்கும் வேண்டாத காகித உறையை ஒட்டப் பழக்கினால் காகித உறை ஒட்டத்தான் வரும்.

வேலையைச் சிகிச்சை என்று சொல்லி நோயாளிகளைச் சுரண்டிய வரலாறு இருக்கிறதே என்பது நோய் திரும்பும் என்ற அச்சத்தைவிடக் கனமான ஆட்சேபம். அமெரிக்க அரசு மனநல மருத்துவமனைகளின் சமையலறையும் சலவைக்கூடமும் பண்ணையும் பல பத்தாண்டுகள் கூலியில்லா நோயாளிகளால் நடந்தன. அவர்களுக்கும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும் என்று 1973இல் அங்குள்ள நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பல மருத்துவமனைகள் கூலி கொடுப்பதற்குப் பதில் வேலைத் திட்டங்களையே மூடின. விங்கும் பிரவுனும் கண்ட அதே வெறும் நேரத்துக்கு நோயாளிகள் திரும்பினார்கள். சுரண்டலுக்கு மருந்து வேலையின்மை அல்ல, கூலியும் விருப்பமும்தான் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இரண்டையும் சொல்கிறது: மனநல நிலையத்தில் யாரையும் வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது, செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும். விருப்பம் என்ற இந்த அளவுகோல் வீட்டுக்குள்ளும் வர வேண்டும். ஆண் நோயாளிக்கு வருடக்கணக்கில் ஓய்வு தரும் குடும்பம், மருத்துவமனையிலிருந்து திரும்பிய மருமகளை மறுநாளே அடுப்படிக்கு அனுப்புகிறது. அவள் தேர்ந்தெடுக்காத அந்த உழைப்பைச் சிகிச்சைக் கணக்கில் சேர்க்க முடியாது.

இத்தனைக்கும் சிகிச்சையாளர்கள் எங்கே இருக்கிறார்கள்? மாவட்ட மருத்துவமனையைத் தாண்டினால் கிடைப்பது அரிது என்பது உண்மைதான். ஆனால் எல்லாப் படிகளுக்கும் பட்டதாரி வேண்டியதில்லை என்று கோவா காட்டியது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடும் மனச்சோர்வு கொண்ட 495 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. முன்பு மனநலப் பயிற்சி ஏதும் இல்லாத உள்ளூர் ஆலோசகர்கள், நோயாளி கைவிட்ட காரியங்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்கவைப்பதை மையமாகக் கொண்டு சில அமர்வுகள் பேசினார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் இந்த ஆலோசனையைப் பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். மனச்சிதைவு இதைவிடக் கடினமானது, தேர்ந்த சிகிச்சையாளரின் மேற்பார்வை அதற்குத் தேவை. ஆனாலும் புறநோயாளிப் பிரிவில் "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாரா, தூங்குறாரா?" என்று கேட்கும் அதே சில நிமிடங்களில், நேற்றுப் பகல் எப்படிக் கழிந்தது, அதில் எதை அவராக விரும்பிச் செய்தார் என்றும் கேட்டுப் பதிலை நோயாளியின் குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், தனி நிதி ஒதுக்கீடும் வேண்டாம்.