"வேலைக்கு விடுங்க, நாங்க படிப்பிக்கிறம்" என்று கேட்டால்

"பிள்ளைய எங்களோட விடுங்க. வீட்டு வேலையில கொஞ்சம் ஒத்தாசையா இருக்கட்டும், கொழும்பில நல்ல பிரைவேட் ஸ்கூல்ல நாங்க படிப்பிக்கிறம்." படுவான்கரையில் வெள்ளாமை பொய்த்த வருசம் ஒருவர் வந்து இப்படிக் கேட்டால், கடனில் நிற்கும் தாய் தகப்பனுக்கு மறுக்க வாய் வராது. மறுத்தேயாக வேண்டும்.

வேலை செய்து படிப்பது இழிவல்ல. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியை வளர்த்த இயேசு சபையினர், அமெரிக்காவின் சிக்காகோவில் 1996இல் கிறிஸ்தோ ரேய் என்ற பாடசாலையைத் தொடங்கினார்கள். வறிய வீட்டுப் பிள்ளைகள் நால்வர் ஓர் அலுவலக வேலையைப் பகிர்ந்து, மாதத்தில் ஐந்து நாள் அளவில் செய்கிறார்கள். அந்தச் சம்பளம் கட்டணத்தில் பெரும்பங்கை அடைக்கிறது. வேலை நாளைப் பாடசாலையே குறிக்கிறது; வேலைக்காகப் பாடம் தவறுவதில்லை. கொழும்பு வீட்டுக்குப் போகும் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. எத்தனை மணிக்கு எழும்புவது, என்றைக்குப் பள்ளிக்குப் போவது எல்லாம் எசமானின் விருப்பம்.

நம் நாட்டில் 1945 முதல் கல்வி இலவசம். 16 வயதுவரை பாடசாலைக்குப் போவது கட்டாயம். 2021இல் திருத்திய சட்டப்படி 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைக்கக் கூடாது. ஆழ்கடல் மீன்பிடி போன்ற ஆபத்தான தொழில்களுக்கு 18 ஆக வேண்டும். தாய் தகப்பன் சம்மதித்தாலும் சட்டம் மாறாது. முற்பணம் தந்து பிள்ளையைப் பிடித்து வைப்பது தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றம். வாங்கிய காசுக்குப் பயந்து பிள்ளையை அங்கேயே விட்டுவிடாதீர்கள்.

கல்வி இலவசம் என்றாலும், உண்மையில் வீட்டை முறிப்பது ரியூசன் காசும் பஸ் காசும்தான். அதைச் சமாளிக்க 16 தாண்டிய பிள்ளை கடையில் நின்றால், சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதியும் கேளுங்கள்: முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். சம்பளத்தைப் பிடித்து வைத்தால் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள்.

ஓ.எல். சரிவராத பிள்ளைக்கு 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் இருக்கிறது. பாடசாலையிலேயே தொழிற்பாடம் படிக்கலாம். வேலைத்தலத்தில் பழக வேண்டுமானால் நைட்டா எனப்படும் தேசிய பயிலுநர் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை பயிலுநராகச் சேர்க்கிறது. அங்கே ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள்.

பிள்ளை ஏற்கெனவே போய்விட்டதா? போனில் தனியாகப் பேச விடுவதில்லையா? பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைக் காணுங்கள். இல்லையென்றால் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. காசில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே சொல்லலாம்.