கோல்ஃப் அயன் செட்: எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்

விளையாட்டுச் சாமான் வியாபாரத்தில் கிரிக்கெட் மட்டை, இறகுப்பந்து மட்டை, கால்பந்து ஆகியவை அன்றாடம் ஓடும் சரக்கு. கோல்ஃப் சாமான் அப்படியல்ல. ஒரு சிறிய ஊர்க் கடையில் வருடத்துக்கு நாலைந்து செட் போனாலே பெரிது. ஆனால் பெயர் பெற்ற கம்பெனியின் அயன் செட் ஒன்றின் விலை லட்ச ரூபாயை ஒட்டி நிற்கிறது. ஒரு செட் தேங்கிப் போனாலும், திரும்பி வந்தாலும் அந்த மாத லாபம் அதோடு போயிற்று. ஊட்டி, கொடைக்கானல், கோவை, சென்னை என்று கோல்ஃப் மைதானம் உள்ள ஊர்களில் கடை வைத்திருக்கும் அன்பர்கள் இதுபற்றிக் கேட்பதுண்டு. நான் கோல்ஃப் ஆடுகிறவன் அல்ல. ஆனாலும் சரக்கைக் கையாண்டு கற்றதைச் சொல்கிறேன்.

அயன் என்பது என்ன?

கோல்ஃப் விதிப்படி ஒருவர் பையில் 14 மட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 1938-ல் வந்த கட்டுப்பாடு இது. அதற்கு முன் இருபதுக்கு மேல் சுமந்தவர்களும் உண்டு. இந்தப் பதினான்கில் பாதியளவு அயன்கள். முன்பு மூன்றாம் எண்ணிலிருந்து ஒன்பதாம் எண் வரையும், கூடவே ஒரு பிட்சிங் வெட்ஜும் சேர்ந்ததே ஒரு செட். இப்போது பெரும்பாலும் ஐந்தாம் எண்ணில் தொடங்குகிறது.

எண் கூடக்கூட மட்டையின் முகம் அதிகமாகச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்கு லாஃப்ட் என்று பெயர். சாய்வு கூடினால் பந்து உயரமாக எழும்பி, குறைந்த தூரம் போய், விழுந்த இடத்தில் நிற்கும். சாய்வு குறைந்தால் தாழ்வாகப் போய் அதிக தூரம் சேரும். ஒரு மட்டைக்கும் அடுத்ததற்கும் மூன்று, நான்கு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பத்து கஜம் இடைவெளி கிடைக்கும். எனவே செட் என்பது ஒரு ஏணி. படிகள் சமமாக இருக்க வேண்டும். ஒரு படி விட்டுப் போனாலும் ஏறுகிறவர் தடுமாறுவார்.

நாங்கள் பட்ட பாடு

2014-ல் மலையூர் சில்லறை வியாபாரி ஒருவருக்கு ஒரு புதிய செட் அனுப்பினோம். அதை வாங்கியவர் ஓய்வு பெற்ற தோட்ட மேலாளர். அவருடைய பழைய ஏழாம் எண் மட்டையைவிடப் புதிய ஏழாம் எண் பதினைந்து கஜம் கூடுதலாக அடித்தது. அவருக்கு மகிழ்ச்சி, எங்களுக்கும் மகிழ்ச்சி. ஒரு மாதம் கழித்து அவர் கடைக்கு வந்து, "பிட்சிங் வெட்ஜால் அடித்தால் பந்து குழி இருக்கும் பசுந்தரையைத் தாண்டிப் போகிறது. மணல் மட்டையால் அடித்தால் எட்டவே இல்லை. நடுவில் நூறு கஜம் அடிக்க என்னிடம் மட்டையே இல்லை" என்றார்.

காரணத்தை அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அவருடைய பழைய செட்டில் ஏழாம் எண் 36 டிகிரி, எட்டு 40, ஒன்பது 44, பிட்சிங் வெட்ஜ் 48. மணல் மட்டை 56. புதிய செட்டில் ஏழாம் எண் 30 டிகிரி, பிட்சிங் வெட்ஜ் 44. அதாவது புதிய ஏழு என்பது பழைய ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் உள்ளது. புதிய பிட்சிங் வெட்ஜ் என்பது பழைய ஒன்பதாம் எண்ணேதான். மேலே எட்டு டிகிரியாக இருந்த இடைவெளி பன்னிரண்டாகிவிட்டது. ஏணியில் ஒரு படி காணாமல் போனதற்கு இதுவே காரணம்.

மட்டை செய்தவர் எதையும் மறைக்கவில்லை. அவர் தரும் அட்டவணையில் சாய்வு அச்சிட்டிருந்தது. படிக்காதது எங்கள் தவறு. பிறகு 50 டிகிரி மட்டை ஒன்றை எங்கள் செலவில் கொடுத்துச் சரி செய்தோம்.

எண் ஒரு அளவு அல்ல

நம் கடை எடைக்கல்லில் ஒரு கிலோ என்று இருந்தால் எந்த ஊரிலும் ஒரு கிலோதான். அதற்கு அரசு முத்திரை உண்டு. அயன் மட்டையின் எண்ணுக்கு அப்படி முத்திரை எதுவும் கிடையாது. இன்ன எண்ணுக்கு இத்தனை டிகிரி என்று எந்த விதியும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இந்த மட்டைகளுக்கு மாஷி, நிப்ளிக் என்றெல்லாம் பெயர் இருந்தது. 1920-களிலும் 30-களிலும் இரும்புத் தண்டு பரவி, ஒரே மாதிரி செட்டாகச் செய்யத் தொடங்கியபோது பெயர் போய் எண் வந்தது. எண்ணும் ஒரு பெயர்தான், அளவு அல்ல.

சாய்வைக் குறைப்பது முழுக்க ஏமாற்று வேலை என்றும் சொல்ல முடியாது. பழைய மட்டை தகடு போன்றது. நடுவில் பட்டால்தான் பந்து போகும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-ல் பிங் என்ற பெயரில் மட்டை செய்யத் தொடங்கி, எடையைத் தலையின் ஓரங்களுக்குத் தள்ளும் முறையைப் பரப்பினார். பின்பக்கம் குழிந்த இந்தத் தலை, பந்து சற்று ஓரத்தில் பட்டாலும் அதிகம் திரும்பாது. எடை கீழே இறங்குவதால் பந்தும் எளிதாக எழும்பும். அதனால் சாய்வைக் குறைத்தாலும் உயரம் கிடைக்கிறது. வாரம் ஒரு நாள் ஆடுகிறவருக்கு இது நல்லதே. ஆனால் தூரத்தை மட்டும் சொல்லி விற்றால், மேலே காலியாகும் படியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

கம்பின் விறைப்பும் அப்படியே. ஆர் என்றால் சாதாரணம், எஸ் என்றால் விறைப்பு. ஆனால் இதற்கும் பொது அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் இன்னொரு கம்பெனியின் எஸ் போல இருக்கலாம். எழுத்தைப் பார்க்காமல் அடித்துப் பார்க்க வேண்டும்.

சரக்கு வந்ததும் கடையில் செய்ய வேண்டிய சோதனை

1. எடை: கிராம் காட்டும் தராசில் மட்டைகளை ஒவ்வொன்றாக நிறுக்கவும். மட்டை குட்டையாகக் குட்டையாகத் தலை ஏறக்குறைய ஏழு கிராம் வீதம் கனக்கும். ஆகவே ஐந்திலிருந்து ஒன்பது வரை மொத்த எடை சீராக ஏற வேண்டும். நடுவில் ஒன்று திடீரென்று தாவினாலோ இறங்கினாலோ வேறு செட்டிலிருந்து சேர்த்தது என்று சந்தேகப்படலாம். போலிச் சரக்கும் பெரும்பாலும் இங்கேதான் மாட்டும்.

2. நீளம்: வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்தால் அரை அங்குல அரை அங்குலமாகப் படி இறங்க வேண்டும்.

3. சாய்வு: கோணம் அளக்கும் கருவி கிடைக்கிறது. கம்பெனி அட்டவணையோடு ஒப்பிடவும். ஒரு டிகிரி கூடுதல் குறைவு தயாரிப்பில் வரக்கூடியதே. ஆனால் ஏழாம் எண் ஒரு டிகிரி கூடி, எட்டாம் எண் ஒரு டிகிரி குறைந்திருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான் அடிக்கும். வாங்கியவர் ஒரு மட்டைக்கு வீணாகப் பணம் கொடுத்தவராவார்.

4. காந்தம்: அடித்துச் செய்யும் தலைகளுக்கு மிருதுவான கார்பன் இரும்பும், வார்த்துச் செய்பவற்றுக்குப் பெரும்பாலும் காந்தம் ஒட்டும் வகைத் துருப்பிடிக்காத எஃகும் பயன்படுகின்றன. மலிவான செட்டுகளில் துத்தநாகக் கலவைத் தலை உண்டு. அது கழுத்தில் முறியக்கூடியது, அதில் காந்தம் ஒட்டாது. ஒட்டாவிட்டால் என்ன உலோகம் என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

5. கழுத்து: தண்டும் தலையும் சேரும் இடத்தில் பசை சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கவும். மட்டையைக் காதருகே ஆட்டினால் உள்ளே கடகட சத்தம் வரக் கூடாது. பெரிய கம்பெனிச் செட்டில் பெரும்பாலும் ஒரு மட்டையின் கழுத்தில் வரிசை எண் பொறித்திருக்கும். அதைக் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

6. கைப்பிடி: ரப்பர் சரக்கு என்பதை மறக்க வேண்டாம். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்தால் விற்குமுன்பே இறுகிப் போகும்.

வாடிக்கையாளர் அடித்துப் பார்க்கும்போது

முதலில் அவருடைய பழைய ஏழாம் எண்ணை அடிக்கச் சொல்லுங்கள். பிறகுதான் புதியது. இரண்டும் அதே பந்து, அதே இடம், அதே நாள். ஒவ்வொன்றாலும் பன்னிரண்டு பந்துகள் போதும். ஒரே ஒரு நல்ல அடியை வைத்து முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்யும் தவறு. மிக நீண்ட பந்தைப் பார்க்காதீர்கள். மற்றவை எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பாருங்கள். பதினைந்து கஜம் கூடுதலாகப் போய், முப்பது கஜம் சிதறினால் அது லாபம் அல்ல. பந்து உயரமாக வந்து நிற்கிறதா, தாழ்வாக வந்து உருள்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

மட்டையின் முகத்தில் பவுடர் தெளித்தால் பந்து பட்ட இடம் தெரியும். அடுத்து, தரையில் மட்டை உட்காரும் கோணம். இதற்கு லை என்று பெயர். மட்டையின் அடியில் ஒரு நாடா ஒட்டி, கெட்டிப் பலகை மேல் அடிக்கச் சொல்லுங்கள். நாடாவின் நடுவில் தேய்ந்தால் சரி. நுனிப் பக்கம் தேய்ந்தால் கோணம் போதவில்லை, வலக்கைக்காரருக்குப் பந்து வலது பக்கம் விலகும். தண்டை ஒட்டிய பக்கம் தேய்ந்தால் கோணம் அதிகம், பந்து இடது பக்கம் விலகும். அடித்துச் செய்த மிருதுவான தலையை இரண்டு டிகிரி வரை வளைத்துச் சரி செய்யலாம். கெட்டியான வார்ப்புத் தலை அவ்வளவு இணங்காது. விற்பதற்கு முன் தெரிய வேண்டிய விஷயம் இது.

செயற்கைப் புல் விரிப்பின் மேல் மட்டும் சோதிக்கவும் வேண்டாம். பந்துக்கு முன்பே தரையில் பட்டாலும் விரிப்பில் மட்டை வழுக்கிப் போய்ப் பந்தை அடித்துவிடும். உண்மைப் புல்லில் அது புதையும். முடிந்தால் மைதானத்தில் அரை மணி நேரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இளமையில் ஆடியதைச் சொல்லி விறைப்பான எஃகுத் தண்டு கேட்கும் பெரியவருக்கு, கடைசிப் பந்துகளை அடிக்கும்போது எடை குறைந்த கிராஃபைட் தண்டின் அருமை தானாகவே புரியும்.

கொள்முதல் செய்யும் முறை

முழுச் செட்டுகளை வாங்கி அடுக்காதீர்கள். ஒவ்வொரு வகையிலும் சோதனைக்கென்று ஒரு ஏழாம் எண் மட்டையைக் கம்பெனியிடம் கேட்டுப் பெறுங்கள். வாடிக்கையாளர் அடித்துப் பார்த்து, அளவு எடுத்தபின் ஆர்டர் செய்யுங்கள். சில வாரம் காத்திருக்க அவர் தயங்க மாட்டார். உங்கள் முதலும் முடங்காது. இடக்கை செட்டுகளை முன்பணம் இல்லாமல் வரவழைக்க வேண்டாம். பில்லில் மட்டைகளின் எண்களோடு, பிட்சிங் வெட்ஜின் சாய்வையும் எழுதிக் கொடுங்கள். அவருடைய மணல் மட்டையின் சாய்வைக் கேட்டு, இடைவெளி ஆறு டிகிரிக்கு மேல் இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். நடுவில் ஒரு மட்டையும் சேர்த்து விற்கலாம். அது நேர்மையான வியாபாரம், கூடுதல் விற்பனையும்கூட.

அந்தத் தோட்ட மேலாளர் பிறகு தம் நண்பர்கள் மூவரை அதே கடைக்கு அனுப்பினார். நாங்கள் கொடுத்த ஒரு மட்டையின் விலை வட்டியோடு திரும்பி வந்தது. நிறுத்துப் பார்த்து வாங்குவதும், அளந்து சொல்லி விற்பதும் நம் தொழிலின் பழைய பழக்கம்தானே. சரக்கு புதிது என்பதற்காக அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டியதில்லை.