பந்துக்கும் 'பந்த்'துக்கும் நடுவே கொல்கத்தா ரசிகர்

மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் கொல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையத்துக்கு நண்பகலிலேயே வேறு முகம் வந்துவிடுகிறது. புறநகர் ரயில்களிலிருந்து பச்சை - அரக்குச் சிவப்பு, சிவப்பு - மஞ்சள் கொடிகளுடன் கூட்டம் கூட்டமாக இளைஞர்கள் இறங்குகின்றனர். ஹூக்ளி, பர்த்வான் மாவட்ட ரசிகர்கள் ஆற்றின் மறுகரையில் உள்ள ஹவுரா நிலையத்துக்கு வந்து சேர்கின்றனர். ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் பணம் சேர்த்து அமர்த்திய சிறு லாரிகளில் நின்றுகொண்டே வருவோரும் உண்டு. தாங்கள் ஆதரிக்கும் அணி வென்றால் மோகன் பகான் ரசிகர் வீட்டில் இறால், ஈஸ்ட் பெங்கால் ரசிகர் வீட்டில் இலிஷ் மீன் என்பது அந்நகரின் வழக்கம்.

ஆனால், இவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டச் சீட்டு கிடைப்பதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. அன்றைய தினம் பேருந்து ஓடுமா என்பதே அது. முழு அடைப்பு, ஊழியர் வேலைநிறுத்தம், உரிமையாளர்களின் பேருந்து நிறுத்தம், ஊர்வலத்தை ஒட்டிய சாலைத் தடை என மேற்கு வங்கத்தில் போக்குவரத்து நின்றுபோவதற்குக் காரணங்கள் பல. எந்தக் காரணமாக இருந்தாலும், கார் வைத்திருப்பவர் எப்படியோ அரங்குக்குப் போய்ச் சேர்கிறார். வீட்டிலேயே நின்றுவிடுபவர் மலிவு விலைச் சீட்டு வாங்கியவர்தான்.

நடந்தே சென்ற காலம்

தொடக்கத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. பெரிய அணிகளின் ஆட்டக்களங்கள் நகரின் நடுவே, எஸ்பிளனேடை ஒட்டிய 'மைதான்' புல்வெளியில் இருந்தன. டிராம் வண்டிகள் அங்குதான் வந்து கூடின. ஹவுராவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்தால் கரையிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். 1911 ஜூலை 29 அன்று ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டத்தில், வெறுங்காலுடன் ஆடிய வீரர்களைப் பெருமளவில் கொண்டிருந்த மோகன் பகான் அணி, ஈஸ்ட் யார்க்‌ஷைர் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. அன்று ரசிகர்களுக்காகச் சிறப்பு ரயிலும் கூடுதல் நீராவிப் படகுகளும் இயக்கப்பட்டன. களத்தை நெருங்க முடியாத கூட்டத்துக்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கு தெரிவிக்கப்பட்டது. ரசிகர்களை அரங்குக்குக் கொண்டுவந்து சேர்ப்பதும் ஆட்டத்தை நடத்துவதன் ஒரு பகுதியே என்பதை அன்னிய ஆட்சிக்காலத்திலேயே அந்நகரம் உணர்ந்திருந்தது.

1984-ல் நகரின் கிழக்கே சால்ட் லேக் பகுதியில் 'யுவ பாரதி' விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. அப்போது லட்சம் பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கமாக அது இருந்தது. 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வீழ்த்தியது. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல்கள் அடித்த அந்த ஆட்டத்தைக் கண்டவர்களின் எண்ணிக்கை 1,31,781 என்று பதிவாகியுள்ளது.

அரங்கம் பெரிதானது, ஆனால் தொலைவும் கூடியது. படகும் டிராமும் எட்டாத இடத்துக்குப் பெரிய ஆட்டங்கள் சென்றுவிட்டன. கிழக்குப் புறவழிச் சாலையில் ஓடும் பேருந்துகளே பெருந்திரளான ரசிகர்களுக்கு வழியாயின. அரங்கம் இடம் மாறியபோது, ஆட்டத்தைக் காணும் வாய்ப்பும் பேருந்து இயக்குவோரின் கைக்கு மாறியது.

நிறுத்துபவர் யார்?

பேருந்து ஓடவில்லை என்றால் உடனே ஊழியர்களைக் குறை கூறுவது பொதுவான வழக்கம். கொல்கத்தாவின் உண்மை நிலை அவ்வளவு எளிதன்று. அங்கு ஓடும் பேருந்துகளில் பெரும்பாலானவை தனியாருக்குச் சொந்தமானவை. ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நிலையான மாத ஊதியம் இல்லை; அன்றாட வசூலில் ஒரு பங்கே கிடைக்கும் என்பது நெடுநாள் வழக்கம். பயணிகளைப் பிடிக்கப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்தி ஓடுவதற்கு மூலகாரணமும் இதுவே. பேருந்து ஓடாத நாளில் பயணிக்குப் பயணம் இல்லை. ஊழியருக்கோ அன்றைய கூலியே இல்லை.

டீசல் விலை ஏறும்போதெல்லாம் கட்டண உயர்வு கோரி நிறுத்தம் அறிவிப்பவர்கள் பெரும்பாலும் உரிமையாளர் சங்கத்தினரே. 2018 ஜூனில் குறைந்தபட்சப் பேருந்துக் கட்டணம் ரூ.6-லிருந்து ரூ.7-ஆக உயர்த்தப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் டீசல் விலை பெரிதும் உயர்ந்தபோதும், கட்டணத்தைத் தொட அரசு தயங்கியது. அரசாணை இல்லாமலே கூடுதல் கட்டணம் வசூலிக்கப்பட்டதும், அதைக் கண்டும் காணாததுபோல் அரசு இருந்ததும் ஊரறிந்த செய்தி. இந்தத் தயக்கத்துக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1953-ல் டிராம் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்கு எதிராக மூண்ட கிளர்ச்சி கொல்கத்தாவையே நிலைகுலைய வைத்தது. இடதுசாரிகளின் செல்வாக்கு அந்நகரில் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது வகை, அரசியல் கட்சிகள் அழைப்பு விடுக்கும் முழு அடைப்பு. 1977 முதல் 2011 வரை நடைபெற்ற இடது முன்னணி ஆட்சியில் பல அடைப்புகளுக்கு ஆளும் தரப்பின் ஆதரவே இருந்தது. 2008 ஆகஸ்டில், முழு அடைப்பு தமக்கு உடன்பாடானது அல்ல என்று முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யா தொழிலதிபர்கள் கூட்டத்தில் வெளிப்படையாகக் கூறியபோது, சொந்தக் கட்சியே அவரைக் கண்டித்தது. எதிர்க்கட்சியாக இருந்தபோது அடுத்தடுத்து அடைப்புகளுக்கு அழைப்பு விடுத்த மம்தா பானர்ஜி, 2011-ல் ஆட்சிக்கு வந்ததும் அடைப்பு நாளில் பணிக்கு வராத அரசு ஊழியரின் ஊதியத்தைப் பிடித்தம் செய்ய உத்தரவிட்டார். நாற்காலி மாறியதும் கொள்கையும் மாறியது. தெருமுனையில் பேருந்துக்காகக் காத்திருப்பவர் மட்டும் மாறவில்லை.

நீதிமன்றம் சொன்னது

1,31,781 பேர் சால்ட் லேக்கில் கூடிய அதே 1997 ஜூலை மாதத்தின் 28-ம் தேதி, கட்டாய முழு அடைப்பு அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 'பந்த்' என்ற சொல் கேரளத்தில் அருகியது. அதன் இடத்தில் 'ஹர்த்தால்' வந்து அமர்ந்தது. திடீர் ஹர்த்தால்களால் மக்கள் படும் துயரைக் கண்ட அதே நீதிமன்றம், 2019 ஜனவரியில், ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று உத்தரவிட நேர்ந்தது.

வேலைநிறுத்தம் குறித்த முக்கியத் தீர்ப்பு தமிழகத்தை ஒட்டியே பிறந்தது. 2003-ல் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பணிநீக்கம் செய்யப்பட்டபோது தொடரப்பட்ட வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் கூறியது. தொழில் தகராறுச் சட்டத்துக்கு மாற்றாக 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, தொழில் நிறுவனம் எதுவாயினும் 14 நாள் முன்னறிவிப்பின்றித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க முடியாது.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் தொழிலாளியை நோக்கியே விரல் நீட்டுகின்றன. கட்டண உயர்வுக்காக வண்டியை வெளியே எடுக்காத உரிமையாளரை வேலைநிறுத்தச் சட்டம் தொடுவதில்லை. அடைப்புக்கு அழைப்பு விடுக்கும் கட்சியையும், பாதுகாப்பின் பெயரால் பாலத்தை மூடும் காவல்துறையையும் அது கேள்வி கேட்பதில்லை.

2024 ஆகஸ்டில்

இந்த முரண்பாடு முழுமையாக வெளிப்பட்ட மாதம் 2024 ஆகஸ்ட். ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டதை அடுத்து மாநிலமே கொந்தளித்திருந்தது. 16-ம் தேதி எஸ்.யு.சி.ஐ. கட்சி 12 மணி நேர அடைப்பு நடத்தியது. 18-ம் தேதி நடைபெற இருந்த டுராண்ட் கோப்பை மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், போதிய காவலர்களை அனுப்ப இயலாது என்ற காரணத்தால் ரத்து செய்யப்பட்டது. அன்று இரு அணி ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் ஒன்றாக அரங்கின் வெளியே கூடி, கொல்லப்பட்ட பெண்ணுக்கு நீதி கேட்டனர். தடை உத்தரவும் தடியடியும் அவர்களை எதிர்கொண்டன. ஆட்டத்தைக் காக்கக் காவலர் இல்லை. ரசிகரைக் கலைக்க மட்டும் காவலர் எங்கிருந்து வந்தனர் என்ற கேள்வி அன்று எழுந்தது.

27-ம் தேதி டுராண்ட் அரையிறுதி கொல்கத்தாவுக்குத் திரும்பியது. அன்றுதான் தலைமைச் செயலகமான நபான்னாவை நோக்கிப் பேரணி. ஹவுரா பாலம் உள்பட ஆற்றைக் கடக்கும் வழிகளில் இரும்புத் தடுப்புகள் நிறுத்தப்பட்டன. கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் பயன்படுத்தப்பட்டன. ஹவுரா, ஹூக்ளி ரசிகர்களுக்கு ஆற்றைக் கடப்பதே பெரும்பாடாகிவிட்ட அந்த மாலையில், இரண்டு கோல்கள் பின்தங்கியிருந்த மோகன் பகான் மீண்டெழுந்து சமன் செய்து, பெனால்டி முறையில் பெங்களூரு அணியை வென்றது. மறுநாள் பாஜக அழைப்பு விடுத்த 12 மணி நேர அடைப்பு. ரயில் பாதைகள் மறிக்கப்பட்டன. வடக்கு வங்கத்தில் அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் தலைக்கவசம் அணிந்து வண்டி ஓட்டினர். அடைப்பு ஒருநாள் முன்னதாக அமைந்திருந்தால், பாலமும் இல்லை, ரயிலும் இல்லை என்பதே புறநகர் ரசிகரின் நிலையாகியிருக்கும்.

நீதி கேட்கும் போராட்டத்தையும், கட்டணத்துக்கான நிறுத்தத்தையும் ஒரே தராசில் வைக்க இயலாது. 18-ம் தேதி அரங்கின் முன் நின்ற ரசிகர்களே அதற்குச் சான்று. போராட்டத்துக்கு அவர்கள் எதிரிகள் அல்லர், அவர்களே போராட்டக்காரர்கள். அவர்கள் கேட்பது, போக்குவரத்தை நிறுத்துவோரும் தடுப்போரும் தங்களையும் ஒரு தரப்பாகக் கருத வேண்டும் என்பதே.

பிற நாடுகளில்

இச்சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2014 உலகக் கோப்பைத் தொடக்க ஆட்டத்துக்கு ஒரு வாரமே இருந்தபோது பிரேசிலின் சாவ் பாலோ நகர மெட்ரோ ஊழியர்கள் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொழிலாளர் நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. 42 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஜூன் 12 அன்று ரசிகர்களுக்காக ரயில்கள் ஓடின. 2016 யூரோ போட்டி தொடங்கிய நாளில், பாரிஸ் அருகே உள்ள தேசிய அரங்குக்குச் செல்லும் புறநகர் ரயில் தடங்களை வேலைநிறுத்தம் பாதித்தது.

ஆனால் ஐரோப்பாவில் வேறொரு வழியும் கண்டுள்ளனர். இத்தாலியில் 1990-ம் ஆண்டுச் சட்டம், அத்தியாவசியப் பணிகளில் வேலைநிறுத்த நாளிலும் குறிப்பிட்ட அளவு சேவை நடைபெற வழி செய்கிறது. பிரான்சில் 2007-ம் ஆண்டுச் சட்டப்படி, போக்குவரத்துச் சேவைக்கு இன்றியமையாத ஊழியர்கள் தாம் பங்கேற்பதை 48 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும்; எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்பதைப் பயணி முன்கூட்டியே அறிகிறார். உரிமை பறிக்கப்படவில்லை, பயணியும் நடுத்தெருவில் விடப்படவில்லை. குறைகள் அங்கும் உண்டு; இருப்பினும் தடை, மீறல் என்ற இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருப்பதை இது காட்டுகிறது.

மெட்ரோ மட்டும் போதுமா?

கொல்கத்தாவுக்கு இப்போது ஒரு நல்ல மாற்றம் கிட்டியுள்ளது. 2020 பிப்ரவரியில் சால்ட் லேக் அரங்கம் வரை தொடங்கிய கிழக்கு - மேற்கு மெட்ரோ, 2022-ல் சியால்டாவை எட்டியது. பவ்பஜாரில் 2019-ல் சுரங்கப் பணியின்போது மண் சரிந்து வீடுகள் சேதமடைந்ததால் நெடுநாள் தாமதமான இடைப்பகுதியும் முடிந்து, 2025 ஆகஸ்ட் 22 முதல் ஹவுராவிலிருந்து ஆற்றின் அடியில் ஒரே ரயிலில் அரங்குக்குச் செல்ல முடிகிறது. மத்திய அரசின் கீழ் உள்ள மெட்ரோ, அடைப்பு நாள்களிலும் பெரும்பாலும் ஓடுகிறது. முக்கிய ஆட்டங்களுக்கு இரவில் சிறப்பு ரயில்களையும் அது இயக்கியுள்ளது.

ஆயினும் மெட்ரோவால் ஒரு பாதித் தீர்வே கிட்டும். ரசிகர் புறநகர் ரயிலில் ஹவுராவுக்கோ சியால்டாவுக்கோ வந்தாக வேண்டும். இரவு ஏழரை மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகிவிடும். கடைசி ரயிலைப் பிடித்து ஊரில் இறங்கினாலும், அங்கிருந்து வீட்டுக்குச் செல்ல வண்டி வேண்டும். தண்டவாளம் மறிக்கப்பட்டால் ஆற்றின் அடியில் ஓடும் ரயிலால் அவருக்குப் பயன் இல்லை.

செய்ய வேண்டியவை புரியாத புதிர் அல்ல. ஆட்ட அட்டவணை பல வாரங்களுக்கு முன்பே வெளியாகிறது. நிறுத்தம் அறிவிக்கும் சங்கங்களும் கட்சிகளும், தடை விதிக்கும் காவல்துறையும் அதைப் பார்த்து நாள் குறிக்கலாம். உரிமையாளர்களின் நிறுத்தத்துக்கும் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கலாம். கட்டணத்தை ஆண்டுதோறும் முறையாக ஆராய்ந்தால் நிறுத்தத்துக்கான காரணமே குறையும். வசூல் பங்குக்குப் பதில் ஊழியருக்கு மாத ஊதியம் கிடைத்தால், பேருந்து ஓடுவதில் அவருக்கும் பயணிக்கும் உள்ள அக்கறை ஒன்றாகும்.

1911-ல் அரங்கை நெருங்க முடியாதவருக்குக் காற்றாடி கோல் கணக்கைச் சொன்னது. இன்று போக முடியாதவர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் கூறக்கூடும். வாரம் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வராத பேருந்துக்காகக் காத்து நிற்பவரிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.