லயத்து வீட்டுச் சாமிப் படம்: கழிக்கும் முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்

ஈப்போ – தோட்ட லயங்களை விட்டுத் தாமான் வீடுகளுக்குக் குடிபோகும் குடும்பங்கள் கழித்துவிடும் பொருள்களில் பழைய சாமிப் படமும் ஒன்று. மரச்சட்டத்தைச் செல் அரித்திருக்கும், கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கும், விளக்குப் புகை படிந்து சாமியின் முகமே மங்கியிருக்கும். உடைந்த கண்ணாடிப் படம் வீட்டில் இருக்கக்கூடாது என்ற நம்பிக்கையில் அது கோயில் அரச மரத்தடிக்குப் போய்விடுகிறது. புது வீட்டுச் சாமி மேடைக்குப் பளபளப்பான புதுப் படம் வந்துவிடுகிறது.

அப்படிக் கழிக்கப்படும் படங்கள் எல்லாமே சாதாரணக் காலண்டர் தாள்கள் அல்ல. கல்லில் வரைந்து, வண்ணத்துக்கு ஒரு கல்லாக மாற்றி மாற்றி அச்சிடப்பட்ட கல்லச்சுப் படங்களும் அவற்றில் இருக்கலாம். ஆங்கிலத்தில் இவற்றை ‘லித்தோகிராப்’ என்கிறார்கள். இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்கும் படங்கள் இவை. நம் வீட்டில் இருப்பது எது என்று தெரியாமலேயே அதைக் கைவிடுவதும், புதிய நகலைப் பழையது என்று நம்பிப் பணத்தைக் கொட்டுவதும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள்.

கல்லில் பிறந்த படம்

கல்லச்சு முறையை 1796-ஆம் ஆண்டு வாக்கில் கண்டுபிடித்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த அலாய்ஸ் செனஃபெல்டர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் இதன் அடிப்படை. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவார்கள். பிறகு கல்லை ஈரமாக்கி மை தடவினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். அதன் மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கிவிடும். வண்ணப் படம் என்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். அச்சிட்ட பிறகு வார்னிஷ் பூசி, துணியில் தீட்டிய எண்ணெய் ஓவியம் போலத் தோன்றச் செய்த படங்களுக்கு ‘ஓலியோகிராப்’ என்று பெயர்.

இந்தத் தொழிலை இந்தியாவில் பெரிய அளவில் பரப்பியவர் ஓவியர் ராஜா ரவிவர்மா (1848–1906). அரண்மனைகளில் மட்டும் தொங்கிய தம் ஓவியங்கள் சாதாரண வீடுகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். இயந்திரங்களும் தொழில்நுட்பக்காரர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். பின்னர் அச்சகம் லோனாவலாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு இடம் மாறி, ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியரின் கைக்குப் போனது. தாமரையில் நிற்கும் லட்சுமியும் வீணை ஏந்திய சரஸ்வதியும் இன்று நம் மனத்தில் இருக்கும் உருவத்தைப் பெற்றதில் இந்த அச்சகப் படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கோயிலுக்குள் நுழைய முடியாதிருந்த மக்களின் வீட்டுச் சுவருக்கும் சாமி வந்து சேர்ந்தது இத்தகைய அச்சுப் படங்களின் வழியாகத்தான்.

கோவில்பட்டியும் சிவகாசியும்

தோட்டத்து வீடுகளில் அதிகம் காணப்படுவது இதற்கு அடுத்த தலைமுறைப் படம். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி.கொண்டையராஜு (1898–1976) கோவில்பட்டியில் தங்கி, டி.எஸ்.சுப்பையா முதலான சீடர்களுடன் முருகன், மீனாட்சி, கஜலட்சுமி என்று வரைந்து குவித்தார். அந்த ஓவியங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகவும் கண்ணாடி போடும் படங்களாகவும் பல்கிப் பெருகின. அதற்குள் கல் போய் ஆஃப்செட் அச்சு வந்துவிட்டதால் இவற்றில் பெரும்பாலானவை கல்லச்சு அல்ல. ஆயினும் கொண்டையராஜு குழுவின் பழைய பதிப்புகளுக்கும் இன்று தனி மதிப்பு உண்டு.

அக்காலத்தில் தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே கப்பல்தான் போக்குவரத்து. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ‘ரஜுலா’ கப்பலைப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். டிரங்குப் பெட்டிக்குள் துணியில் சுற்றி வந்த குலதெய்வப் படமும், பட்டணத்துக் கடையில் சம்பள நாளன்று வாங்கிய முருகன் படமும், காந்தி, நேதாஜி படங்களும் ஒரே லயத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கின. சுங்கை சிப்புட், செம்மோர், தெலுக் இந்தான் வட்டாரங்களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் குடும்பங்கள் இடம் மாறின. படங்களும் கூடவே வந்தன. இப்போது மூன்றாம் தலைமுறையின் கையில்தான் அவை கைவிடப்படுகின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் படத்தின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். ஓவியர் பெயர், அச்சகப் பெயர், ஊர், ‘ஜெர்மனியில் அச்சிடப்பட்டது’ என்ற குறிப்பு ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ரவிவர்மா அச்சகப் படங்களில் ‘ரவிவர்மா’ என்ற பெயருடன், ‘ஃபைன் ஆர்ட் லித்தோகிராபிக்’ என்பதன் சுருக்கமான ‘எஃப்.ஏ.எல்.’ என்ற எழுத்துகளும் ஆங்கிலத்தில் காணப்படும். மரச்சட்டத்துக்குள் அடங்குவதற்காக ஓரத்தை வெட்டியிருந்தால் இந்த அடையாளம் போயிருக்கும்.

அடுத்து, ஒரு பூதக்கண்ணாடி போதும். கைப்பேசிக் கேமராவைப் பெரிதாக்கியும் பார்க்கலாம். சாமியின் கன்னத்தையோ வானத்தையோ உற்று நோக்குங்கள். வரிசை பிசகாத சிறு வண்ணப் புள்ளிகள் பூ வடிவில் சேர்ந்திருந்தால் அது ஆஃப்செட். சீரற்ற மணல் துகள் போன்ற புள்ளிகளும், ஒன்றின் மேல் ஒன்று படிந்த வண்ணங்களும் தெரிந்தால் கல்லச்சாக இருக்க வாய்ப்பு அதிகம். மை தெளித்தாற்போல் மிக நுண்ணிய துளிகள் இருந்தால் அது கணினி அச்சு, அதாவது புதியது.

மூன்றாவது, படத்தின் பின்பக்கம். பழைய தாள் ஒரே சீராகப் பழுக்காது. மரம் பட்ட ஓரமும் பின்பலகையின் இடுக்கு வழியே காற்று பட்ட கோடும் அதிகம் கறுத்திருக்கும். தாள் முழுவதும் தேநீரில் நனைத்தது போல ஒரே பழுப்பாக இருந்தால் எச்சரிக்கை தேவை. பழைய சட்டத்துக்குள் புதிய படத்தைச் செருகி விற்பதும் உண்டு. ஆணி புதிதா, பின்னால் ஒட்டிய தாள் புதிதா என்று பார்க்க வேண்டும்.

வாங்கும்போது

ரவிவர்மாவின் ஓவியங்களுக்குக் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் மறு அச்சுப் போடலாம். ஆகவே புதிய நகல் வாங்குவதில் குற்றமில்லை. நகலின் விலைக்கு வாங்க வேண்டும், அவ்வளவுதான். ‘பழையது’ என்று கடைக்காரர் சொன்னால் அதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது என்று பொருள்.

தமிழகச் சுற்றுலா போகும் பலர் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இத்தகைய படங்களைத் தேடுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுசெல்ல 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வாங்கும் முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

இக்கால ஓவியர்களின் அச்சுப் படம் வாங்குவோர், கீழ் ஓரத்தில் பென்சிலால் எழுதிய கையொப்பத்தையும் ‘12/50’ போன்ற எண்ணையும் பார்க்க வேண்டும். மொத்தம் 50 பிரதிகளில் இது 12-ஆவது என்பது அதன் பொருள். அப்படிப்பட்ட எண் இல்லாத படத்தை ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று சொல்லி விலை ஏற்றினால், எத்தனை பிரதிகள் அச்சிடப்பட்டன என்று கேட்கலாம்.

மாட்டும்போது

நம் நாட்டின் ஈரக் காற்றுதான் தாளுக்கு முதல் எதிரி. படத்தைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தால் நாளடைவில் வண்ணம் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். நடுவில் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடும்படி பிரேம் கடையில் கேளுங்கள். அட்டை அமிலம் இல்லாததாக இருக்கட்டும். பசை, செலோடேப், லேமினேட் மூன்றும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை செய்துவிட்டால் திருத்த முடியாது. பழைய படத்தில் சம்கியும் ஜரிகையும் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். வீட்டுப் பெண்களின் கைவேலையாக இருக்கக்கூடிய அதுவும் படத்தின் வரலாறுதான்.

குளியலறைச் சுவரிலும், வெயில் நேரே படும் இடத்திலும் மாட்டக்கூடாது. சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு சிறு ரப்பர் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட்டம் இருக்கும். சாமி மேடையில் வைப்பதானால் விளக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள். சந்தனம், குங்குமம் கண்ணாடி மேல் மட்டும் இருக்கட்டும். துடைக்கும்போது திரவத்தைக் கண்ணாடியில் தெளிக்காமல், துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். வரவேற்பறையில் அழகுக்காக மாட்டுவோர், நின்று பார்ப்பவரின் கண் மட்டத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் 150 செண்டிமீட்டர் உயரத்தில் படத்தின் நடுப்பகுதி வருமாறு பார்த்துக்கொள்ளலாம்.

உடைந்த கண்ணாடி ஆகாது என்று நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. கண்ணாடியை மட்டும் மாற்றலாம், படத்தை மாற்ற வேண்டியதில்லை. சோதித்துப் பார்த்தபின் அது கல்லச்சு அல்ல, சிவகாசி அச்சுதான் என்று தெரிய வந்தாலும், அதன் பின்பலகையில் எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் வாங்கியது என்று ஒரு சிறு தாளில் எழுதிச் செருகி வையுங்கள். பல தோட்டங்கள் இன்று பெயரளவில்கூட இல்லை. அந்தப் பெயரைப் பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்ள அந்தத் தாள் ஒன்றாவது மிஞ்சும்.